சகலன் ஒப்படைத்த ஆறு துவக்குகள்

மார்ச் 8, ஞாயிறு. வெஸ்ட்மீட்.

என் சகலன் யோகன் தன் ஆறு வேட்டைத் துவக்குகளையும் பொலிசில் ஒப்படைத்துவிட்டு, உலகப் போரை வென்ற சக்கரவர்த்தியைப் போல இன்று எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தான். இங்கே வந்திருக்கும் புதுத் துவக்குச் சட்டப்படி ஒருவர் நாலு வைத்திருக்கலாம். அவன் ஒன்றைக்கூட மிச்சம் வைக்கவில்லை.

"நாலை வைச்சிருக்கலாமே அத்தான்?" என்றாள் என் மனைவி.

"பிள்ளையள் வளர்ற நாட்டில எனக்கேன் வசந்தி துவக்கு?"

அவள் கண் கலங்கிவிட்டது. நண்டுக்கறியின் பெரிய கால் அவன் சாப்பாட்டுக் கோப்பைக்குப் போனது. முப்பது வருஷமாக அது எனக்கு வருவது.

அவன் பன்றி சுட்ட கதையைக் கேட்டுக் கேட்டு என் காதே தேய்ந்துவிட்டது. போன வருஷம் அந்தப் பன்றி யானை அளவு. இந்த வருஷம் வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரி அளவு. அவன் வாயை அடைக்கத்தான், துவக்குச் சட்டத்தை இறுக்குங்கள் என்று எம்.பி.க்கு மூன்று கடிதம் எழுதினேன். நாட்டைக் காக்க எழுதுவதாகக் கடிதத்தில் ஒரே முழக்கம். உண்மைக் காரணம் எனக்கு மட்டும் தெரியும். அதனால் வசந்தியிடம் பெருமையடிக்கவும் வாய் வரவில்லை.

கோப்பை கழுவும்போது அவள் சொன்னாள்: "நீங்களும் அத்தானைப்போல நாட்டுக்கு ஏதும் செய்யுங்கோவன்."

"செய்யிறன், செய்யிறன்."

"வாற சனி எங்கட தமிழ்ச் சங்கக் கூட்டத்தில அத்தானைப் பேசக் கேட்டிருக்கினம். மாலையும் போடுவினமாம்."

அந்தக் கூட்டத்துக்கு வாற சனம் உட்காரக் கதிரை அடுக்குவது நான்.