அறுத்துப் பார்த்தோம், அக்கா

என் செல்ல அக்கா ரேவதிக்கு,

நீ போன பிறகாவது உன்னோடு போட்டி போடுவது நின்றுவிடும் என்று நினைத்திருந்தேன். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போன நீ உயிரோடு திரும்பவில்லை. ஆனால் போன வாரம் உன் கருவி எங்கள் அம்பத்தூர் கம்பெனிக்கே வந்துவிட்டது.

"நம்ம சுகந்தியோட அக்கா பண்ண ஆராய்ச்சியில வந்த மிஷின் இது" என்று மேனேஜர் எல்லோரிடமும் சொன்னார். கைதட்டினார்கள். நானும் தட்டினேன். வயிறு எரிந்தது.

அப்பா இறந்தபோது நம்மில் ஒருத்தி வேலைக்குப் போயாக வேண்டியிருந்தது. நீ ஆராய்ச்சிக்குப் போனாய். நான் எஃகு வார்ப்புகளுக்குள் அல்ட்ராசவுண்ட் அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியில் விரிசல் தேட வந்தேன். தடித்த வார்ப்பில் ஒலி சிதறித் திரையெல்லாம் இரைச்சலாகிவிடும். ஒரே இடத்தைப் பல கோணங்களிலிருந்து கேட்டு, எதிரொலிகளை ஒன்றுசேர்த்தால் இரைச்சல் அடங்கும் என்று நீ காட்டினாய். நீ சோதித்ததெல்லாம் நான் ஸ்கூட்டியில் சுமந்து வந்த கழிவுத் துண்டுகளில்தானே? அது யாருக்காவது தெரியுமா?

வியாழக்கிழமை ஒரு நீராவி வால்வு வந்தது. பழைய கருவியில் பார்த்து, நன்றாக இருக்கிறது என்றேன். உன் கருவி, நடுவில் விரிசல் என்றது.

"வெறும் இரைச்சல் சார். வேணும்னா அறுத்துப் பாருங்க" என்றேன். அறுத்தால் வால்வு வீண். மேனேஜர் என்னை ஒரு முறை பார்த்துவிட்டுத் தலையசைத்தார்.

வாள் மிஷினில் இருந்த மணி தயங்கினான். "இன்னாக்கா, நெஜமாவா? அறுத்துட்டா ஒட்ட முடியாதுக்கா."

"அறு மணி."

நீ தோற்க வேண்டும் என்று சாமியை வேண்டிக்கொண்டு நின்றேன் அக்கா. உன் சொந்தத் தங்கை.

அறுத்த முகத்தைத் துடைத்து, விரிசல் இருந்தால் அதற்குள் இறங்கிவிடும் சிவப்புச் சாயத்தைப் பூசினோம். சாயத்தைத் துடைத்து வெள்ளைப் பொடி தெளித்ததும், மெல்லச் சிவப்புக் கோடு ஒன்று ஊறி எழுந்தது.

"கீதுக்கா. தலமுடி கணக்கா கீது பாரு" என்றான் மணி.

கோட்டைத் துடைத்துவிட்டு மறுபடியும் பொடி தெளித்தேன், மறுபடியும் எழுந்தது. அந்த வால்வு போய் உட்கார்ந்திருக்க வேண்டிய நீராவிக் குழாய்க்குப் பக்கத்தில் நாள் முழுக்க ஆட்கள் நிற்பார்கள். அதை நினைத்துக் கலங்கினேனா, நீ ஜெயித்ததற்காகவா?

சேக்காட்டு வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். உன் படத்தைத் தடவினாள். "பெரியவ போயும் நாலு உசுரக் காப்பாத்தறா பாரு" என்றாள். அறுக்கச் சொன்னவள் எதிரே நிற்கிறாளே, சாப்பிட்டாயா என்று அவளை ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா?

மறுநாளிலிருந்து வேலை முடிந்ததும் உன் கருவியோடு உட்கார்ந்தேன். கழித்துப் போட்ட வார்ப்புகளை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். மேல் தோலை ஒட்டிக் கிடக்கும் சின்ன விரிசல்கள் அதன் காதில் விழவில்லை. உனக்கு அது தெரியுமா? தெரிந்துதான் பிறகு பார்க்கலாம் என்று விட்டுவைத்தாயா? இப்போது உன்னிடம் எப்படிக் கேட்பேன்?

இதைச் சரிசெய்ய முயன்று பார்க்கட்டுமா என்று கேட்டேன். "பண்ணுங்க சுகந்தி, மிஷின எடுத்துக்குங்க" என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

அந்த விரிசல்களைக் கேட்கும் வழியை நான் கண்டுபிடிப்பேன் அக்கா. அதில் என் பெயர் இருக்கும். அன்றைக்கு நீ எங்கிருந்தாலும் என்னைப் பார்த்து வயிறெரிய வேண்டும். சத்தியமாகச் செய்வேன்.

எப்போதும் உனக்கு அடுத்தவளாகவே இருந்த,
உன் தங்கச்சி சுகந்தி