பழைய ஃபில்டரில் இல்லாத வளையம்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நீயும் குட்டியும் சுகமாக இருக்க வேண்டும், இந்தக் கடிதம் உன் கைக்கு வருகிற நிமிடம் வரை ஒரு குறையும் வந்துவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டேதான் எழுதுகிறேன். இங்கே அம்மா நலம், தம்பி நலம், நானும் உடம்பளவில் நலம். முதலில் ஒரு விஷயம், மற்றதைப் பிறகு நிதானமாகப் படித்துக்கொள். காரை எடுக்காதே. குவார்ட்டர்ஸிலிருந்து உன் சோதனைக்கூடம் வரைக்கும்கூட வேண்டாம், வெயிலிலிருந்து நிழலுக்கு நகர்த்தி நிறுத்தக்கூட ஸ்டார்ட் பண்ணாதே. ஞாயிற்றுக்கிழமை எனக்குப் போன் பண்ணுவதற்காகக் குட்டியைப் பின்சீட்டில் உட்கார வைத்து நாற்பது கிலோமீட்டர் மலையிறங்கிக் கடைத்தெரு வரை வருவாயே, அதற்குச் சத்தியமாக எடுக்காதே.

“அப்பாவோட பயத்துக்குத் தனியா ஒரு வண்டி வேணும்” என்று நீ சிரிப்பது எனக்கு இங்கேயே கேட்கிறது. ஒத்துக்கொள்கிறேன், நான் பயந்தாங்கொள்ளிதான். குழாயை மூடினாயா என்று கேட்டு உன்னைப் பாதி வழியிலிருந்து திருப்பி வரவழைத்திருக்கிறேன், உனக்குத் தும்மல் வந்தால் டாக்டருக்குப் போன் பண்ணியிருக்கிறேன். இது அந்த ரகம் இல்லை கண்ணு. இரண்டு வாரத்துக்கு முன்னால் நீ லீவில் வந்திருந்தபோது வண்டியில் ஒரு வேலை செய்தேன் அல்லவா, அதைப் பற்றியது. அந்த வண்டியில் ஆயில் ஃபில்டரை எந்தப் புண்ணியவான் யோசித்து வைத்தானோ, இஞ்சினுக்கும் நாம் கால் வைக்கும் இடத்துத் தகரச் சுவருக்கும் நடுவில், புகைக்குழாய்க்குக் கீழே, கண்ணுக்கே படாத சந்தில் வைத்திருக்கிறான். போன வருஷம் நீயே மாற்றப்போய் மணிக்கட்டில் சுட்டுக்கொண்டாய். மாப்பிள்ளையோ கப்பலில், நீ இருக்கும் அணைக்கட்டிலோ கார் மெக்கானிக் கிடையாது, தனியாக ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு இருக்கிறவள் இனிமேல் கை சுட்டுக்கொள்ளக் கூடாது என்றுதான், ஃபில்டர் இருந்த இடத்தில் ஒரு தட்டை முடுக்கி, அதிலிருந்து இரண்டு ஹோஸ் இழுத்து, ஃபில்டரை முன்னால் பேட்டரி பக்கத்தில் கொண்டுவந்து வைத்தேன். நீயும் அம்மாவும் கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் முடித்துவிட்டேன். நீ தொட்டுப் பார்த்து, இப்போது குட்டியே மாற்றிவிடுவாள் என்றாய். எனக்கும் பெருமையாக இருந்தது.

நேற்று முன்தினம் கார் ஷெட்டைப் பெருக்கும்போது அந்தப் பழைய ஃபில்டர், மிச்ச ஆயில் வடியட்டும் என்று பெயிண்ட் டப்பாவில் கவிழ்த்து வைத்தது, அப்படியே இருந்தது. தூக்கிப் போடலாம் என்று எடுத்தேன். அதன் வாய் ஓரத்தில் இருக்க வேண்டிய கறுப்பு ரப்பர் வளையத்தைக் காணவில்லை. அது ஃபில்டரோடு வரவில்லையென்றால் இஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது என்று அர்த்தம், நான் அதன் மேலேயே புதுத் தட்டை அதன் வளையத்தோடு வைத்து முடுக்கியிருக்கிறேன் என்று அர்த்தம். ரப்பர் மேல் ரப்பர் நிற்காது. சில நாள் நிற்பதுபோல் நடிக்கும், பிறகு ஒரு பக்கமாகப் பிதுங்கி வெளியே வரும், ஒரே நிமிடத்தில் மொத்த ஆயிலும் கொட்டிவிடும். ஷெட்டில் ஒரு இடம் விடாமல் தேடினேன். அம்மா டார்ச் பிடித்தாள், பெருக்கித் தள்ளிய குப்பையைக்கூடக் கிளறிப் பார்த்தோம். ஒருவேளை வடித்த ஆயிலோடு போயிருக்கலாம் என்று ஒரு நப்பாசை. பழைய ஆயில் வாங்குகிறவரிடம் ஓடினேன். அவர் தலையில் அடித்துக்கொண்டாலும் பாவம், நான் ஊற்றிய பீப்பாயை வலை வைத்து வடிகட்ட விட்டார். முழங்கை வரை கருப்பாகி மூன்று வளையம் எடுத்தேன். மூன்றும் நம் வண்டிக்கு உரியது இல்லை.

முன்னூறு கிலோமீட்டர் அவள் அதே வண்டியில்தானே போனாள், அவ்வளவு தாங்கினது இன்னும் நாற்பது தாங்காதா என்கிறாள் அம்மா. எனக்கு அதுதான் பயம். நீ போனபோது வெயில் காலம் மாதிரி இருந்தது. இப்போது அங்கே காலையில் குளிர் இறங்கிவிட்டது என்று நீதானே போன ஞாயிறு சொன்னாய். குளிரில் ஆயில் கெட்டியாகிவிடும், ஸ்டார்ட் பண்ணின உடனே அழுத்தம் எகிறும், பிதுங்கினால் அப்போதுதான் பிதுங்கும். சிவப்பு விளக்கு எரிவதற்கும் நீ அதைப் பார்ப்பதற்கும் நடுவில் ஒரு வளைவு வந்துவிட்டால் போதும். இஞ்சின் இறுகி நின்றால் பிரேக் கல்லு மாதிரி ஆகிவிடும், ஸ்டியரிங் திரும்பாது, அந்தச் சந்துக்கு மேலேதான் புகைக்குழாய் பழுக்கக் காய்ந்துகொண்டிருக்கிறது, அதில் ஆயில் பட்டால் என்ன ஆகும் என்று எழுதக் கை வரவில்லை. டெப்போவில் ஒரு பஸ் அப்படி ஆனதை நான் என் கண்ணால் பார்த்தவன்.

நீ கேட்பாய், முப்பது வருஷம் டெப்போவில் ஃபிட்டராக இருந்தவருக்கு இது தெரியாதா என்று. நன்றாகவே தெரியும். அங்கே ஃபில்டரைக் கழற்றினால் புதுசு மாட்டுவதற்கு முன்னால் பழையதை மேற்பார்வையாளரிடம் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். “மோதிரம் வந்துச்சா” என்பார். வளையத்தைத்தான் அப்படிச் சொல்வோம். அவர் பார்த்துத் தலையாட்டினால்தான் அடுத்த வேலை. வீட்டில் யாரிடம் காட்டுவது, நானே ராஜா நானே மந்திரி. கையை விட்டுத் தடவிப் பார்த்தேன், வழவழவென்று இருந்ததாக நினைத்துக்கொண்டேன். இதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை, உன்னிடம் சொல்லாமல் முடியாது. சர்க்கரையால் எனக்கு ஒரு வருஷமாக விரல் நுனிகளில் உணர்ச்சி குறைந்துகொண்டு வருகிறது. வலது கை பரவாயில்லை, இடது கையில் சட்டைப் பொத்தானைக்கூடப் பார்த்துத்தான் போட வேண்டியிருக்கிறது. அந்தச் சந்தில் இடது கைதான் நுழையும். ஒரு சின்னக் கண்ணாடியும் டார்ச்சும் வைத்துப் பார்த்திருந்தால் இரண்டு நிமிட வேலை. சொன்னால் இனி வண்டியைத் தொடவே விடமாட்டீர்கள் என்று மறைத்தேன். என் வீம்பைத் தூக்கி உன் வண்டியில் வைத்து அனுப்பியிருக்கிறேன் அம்மா, மன்னித்துக்கொள்.

இந்த இரண்டு நாளில் நான் செய்யாதது இல்லை. உங்கள் சைட் ஆபீஸில் இருக்கிற ஒரே போன் மலையில் மண் சரிந்த நாளிலிருந்து செத்துக் கிடக்கிறது. தலைமை அலுவலகத்தில் சொன்னேன், “சொல்லிடறோம் சார்” என்றார் ஒருவர், அவர் குரலில் பேனாவை எடுத்த மாதிரியே தெரியவில்லை. நானே கிளம்பி வருகிறேன் என்றால் உள்ளே விட அனுமதிச் சீட்டு வேண்டுமாம், எழுதிக் கொடுத்திருக்கிறேன், திங்கட்கிழமைதான் கிடைக்கும். அதனால் இதை உங்கள் கேன்டீனுக்குக் காய்கறி கொண்டுவருகிற லாரிக்காரர் “அவசரத்திடம்” கொடுக்கிறேன். ஆமை வேகத்தில் ஓட்டுவதால் ஊர் அவருக்கு வைத்த பெயர், கோபித்துக்கொள்ள மாட்டார். வெள்ளிக்கிழமை விடியற்காலை கிளம்பி ராத்திரிக்குள் உன் கையில் தருவதாகச் சொல்லியிருக்கிறார். திங்கட்கிழமை சீட்டு வாங்கின கையோடு நானும் என் டெப்போ நண்பரும் பஸ்ஸில் வருகிறோம், கழுகு என்போமே, அவர்தான். அவர் கழற்றி அவர் கண்ணால் பார்த்து மாட்டுவார், நான் பக்கத்தில் நின்று துணி எடுத்துக் கொடுப்பேன், அவ்வளவுதான். அதுவரை அங்கே ஜெனரேட்டர் பார்க்கிறவர் உதவுகிறேன் என்றாலும் தொட விடாதே.

தம்பிக்கு வேலை நிரந்தரம் ஆகிவிட்டது, அதை முதலில் எழுதியிருக்க வேண்டும், மறந்தே போனேன். அம்மாவுக்குப் புதுக் கண்ணாடி வந்துவிட்டது, எதிர்வீட்டுக்காரர் தாடியில் நரை இருக்கிறதைக் கண்டுபிடித்துச் சொல்கிறாள். குட்டிக்குக் காதை மூடுகிற குல்லா போட்டு அனுப்பு. நீயும் வேலை வேலை என்று சாப்பிடாமல் இருக்காதே. கான்கிரீட் கட்டியை உடைத்துப் பார்க்கிற மெஷின் பக்கத்தில் துப்பட்டாவோடு நிற்காதே.

ஞாயிற்றுக்கிழமை உன் போன் வராவிட்டால் கடிதம் கிடைத்து வீட்டில் இருக்கிறாயா, கடிதம் கிடைக்காமல் வழியில் நிற்கிறாயா என்று எனக்கு எப்படித் தெரியும். அதனால் ஒன்று செய். கார் சாவி ஒன்றுதான் இருக்கிறது, அதை அவசரத்திடம் கொடுத்தனுப்பு. அவர் சனிக்கிழமை சாயங்காலம் திரும்புவார். நான் நான்கு மணியிலிருந்தே சந்தை வாசலில் நிற்பேன். பதில் எழுத நேரம் இல்லாவிட்டால் பரவாயில்லை, சாவி வந்தால் போதும். நீயும் குட்டியும் நூறு வருஷம் நோய்நொடி இல்லாமல் வாழ வேண்டும். சாவியைக் கொடுத்துவிட்டுத்தான் அடுத்த வேலை, மறக்காதே.

இப்படிக்கு,
உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அப்பா

கண்ணு, அம்மா எழுதுகிறேன். உறை ஒட்டுவதற்கு முன்னால் வாங்கிப் படித்தேன். விரல் விஷயம் எனக்கும் இப்போதுதான் தெரியும். இவர் வழக்கம்போல் பயப்படுகிறார் என்றுதான் இரண்டு நாளாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். இப்போது ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் போய் இடது கை விரலில் ஊசியால் குத்திப் பார்த்தேன். அவர் திரும்பவே இல்லை. சாவியைக் கொடுத்துவிடு.