துண்டில் வந்த எழுத்து

அன்பு மகள் சவ்சனுக்கு, அலெப்போவிலிருந்து அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம், என் முழங்காலைத் தவிர, அதை இந்த வீட்டில் யாரும் மதிப்பதில்லை. நீயும் மாப்பிள்ளையும் அந்தப் பிரேசில் வெயிலில் சுகமாக இருக்க இறைவன் அருளட்டும்.

உன் தங்கை குசூன் செய்த காரியத்தைக் கேள். போன வெள்ளிக்கிழமை பிஸ்தா வியாபாரி அபூ ஹிக்மத் தன் மகனுக்கு அவளைப் பெண் கேட்டு உறவுக்காரர்களோடு வந்து உட்கார்ந்துவிட்டார். காப்பி வைத்தாயிற்று. நம் வழக்கம் உனக்குத் தெரியுமே, நான் குடியுங்கள் என்று சொன்னால் பெண்ணைக் கொடுத்தேன் என்று அர்த்தம், அதுவரை ஒருவரும் கோப்பையைத் தொடமாட்டார்கள். முன்பே குசூனிடம் கேட்டிருந்தேன், தலையைக் குனிந்துகொண்டாள், வெட்கம், சம்மதம்தான் என்று மகா புத்திசாலியான நான் முடிவு கட்டிவிட்டேன். உன் அம்மாவும் அத்தையும் வேறு அவளை வாய் திறக்கவிடாமல் இரண்டு பக்கமும் காவல். நான் சாயப்பட்டறையிலிருந்து அன்னபேதி உப்புக் கரைத்த தண்ணீர் சொட்டும் கையோடு பின்வாசல் வழியாக வந்தேன். கை கழுவினேன் என்றுதான் நான் சொல்வேன், உன் அம்மா அதைக் கழுவியதாக ஒப்புக்கொள்வதில்லை. குசூன் ஒரு வெள்ளைத் துண்டை நீட்டினாள். துடைக்கத் துடைக்கத் துணியில் கறுப்பாக எழுத்து கிளம்புகிறது. "அப்பா, குடிங்கன்னு சொல்லிடாதீங்க. எனக்குப் பிடிக்கல."

நம் பட்டறை மாசிக்காயை ஊறவைத்த தண்ணீரில் எழுதிக் காயவைத்திருக்கிறாள். காய்ந்தால் கண்ணுக்குத் தெரியாது, அன்னபேதி பட்டால் கறுத்துவிடும். காலமெல்லாம் அந்த இரண்டையும் வைத்தே துணிக்குக் கறுப்பு ஏற்றுகிறவன் நான், ஆனாலும் பேய் பிசாசோ என்று துண்டைக் கீழே போட்டுவிட்டேன். அப்புறம் கூடத்துக்குப் போய், மன்னியுங்கள், பெண்ணுக்கு மனசில்லை என்றேன். பொண்ணே சொல்லிச்சா என்று கேட்டார் அபூ ஹிக்மத். துண்டு சொன்னது என்றா சொல்ல முடியும், ஆமாம் என்றேன். காப்பி ஆறிக் கிடக்க எழுந்து போய்விட்டார்கள். அன்றிலிருந்து உன் அம்மா என்னோடு பேசவில்லை. அத்தையும் பேசவில்லை, அதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

ஏண்டி, வாயால் சொல்லக்கூடாதா என்று குசூனிடம் கேட்டேன். "சொல்ல வர்றப்பல்லாம் என்னைச் சிரிக்க வெச்சுட்டுப் போயிடறீங்களே அப்பா" என்றாள். 

அதன்பிறகு உன் போன கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். நன்றாக இருக்கிறேன், கவலைப்படாதீர்கள், அவ்வளவுதான். ஓரமெல்லாம் அன்னபேதித் தண்ணீர் தொட்டுத் தடவினேன். எழுத்து ஒன்றும் வரவில்லை, காகிதம்தான் கிழிந்தது. என்னைத் திட்டுவதற்காகவாவது உன் அம்மா வாயைத் திறந்தாள்.

இறைவன் உங்கள் இருவரையும் எந்தக் குறையுமில்லாமல் வைத்திருக்கட்டும். மாப்பிள்ளைக்கு என் ஸலாம். பதில் போட மறக்காதே. சொல்ல ஏதாவது இருந்தால் சாதாரண மையிலேயே எழுதம்மா, அப்பா சிரிக்காமல் படிப்பேன்.

உன் அப்பா,
சாயக்கார ஜமீல்