எல்லாச் சீட்டிலும் இருக்கும் வார்த்தை

அன்புள்ள பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் சுகம். நீயும் பாப்பாவும் உன் முழங்கால் வலியும் எப்படி இருக்கிறீர்கள்?

பட்டறையில் என்னைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்திருக்கிறார்கள். என் படிப்புக்குச் சுற்றுகிற நாற்காலியே அதிகம். யாராவது கேட்கிற பழைய ரிப்பேர் சீட்டை அதில் தேடி எடுத்துக் கொடுக்க வேண்டும். முந்தாநாள் ‘மெஷின்’ என்று தட்டினேன். ஒன்றுமே இல்லை என்றது. இருக்கிற சீட்டெல்லாம் மெஷின் சீட்டுதான்; அத்தனையையும் அழித்துவிட்டேனோ என்று வியர்த்துப்போனேன்.

கம்ப்யூட்டர் பார்க்கிற தம்பி வந்து சிரித்தான். “அண்ணே, அந்த வார்த்தை எல்லாச் சீட்டுலயும் இருக்கு. தேடினா மொத்தமும் வந்து கொட்டும். அதனால அதைக் கண்டுக்காதேன்னு கம்ப்யூட்டர்கிட்ட சொல்லி வச்சிருக்கோம். எது கெட்டுச்சோ அதைப் போடுங்க.”

‘பெல்ட்’ என்று போட்டேன், வந்துவிட்டது. “இதை முதல்லயே சொல்லியிருந்தா என் சட்டை நனைஞ்சிருக்காதே தம்பி” என்றேன்.

அறைக்கு வந்ததும் உன் கடிதங்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பழைய கடிதம் ஒவ்வொன்றின் அடியிலும் பாப்பா ‘எப்பப்பா வருவே?’ என்று கிறுக்கியிருக்கிறாள். எப்போதும் இருப்பதுதானே என்று நானும் கண்டுகொள்ளாமல் விட்டிருக்கிறேன். கடைசியாக வந்த கடிதங்களில் அது இல்லை. அப்போதுதான் பார்த்தேன்.

என் கண்ணாடி நம்பர் சீட்டு அலமாரியில் இருந்தால் அனுப்பு. சட்டைப் பொத்தான் இரண்டும் வை. பாப்பாவிடம் எதுவும் கேட்காதே. அடுத்த கடிதத்தை ஒட்டுவதற்கு முன் பேனாவை மட்டும் அவள் பக்கத்தில் வைத்துவிட்டுப் போ.

லாரி வந்துவிட்டது, கூப்பிடுகிறார்கள்.

பாப்பாவின் அப்பா