கடைசிக் குடத்தைச் சுற்ற அனுமதி கோரி

அனுப்புநர்:
திருமதி தா. செல்வமேரி,
மேரி தட்டச்சுப் பயிலகம்,
சந்தைத் தெரு, கொன்றைமேடு,
தாம்பரம் வழி.

பெறுநர்:
செயல் அலுவலர் அவர்கள்,
கொன்றைமேடு பேரூராட்சி.

பொருள்: கொன்றைமேடு பெரிய ஏரி – 3.10.1993 ஞாயிறன்று நடந்த கார் போட்டியின் இறுதி ஓட்டம் தண்ணீர் லாரி வந்ததால் பாதியில் நின்றது – தடை அறிவிப்பை நீக்கி 10.10.1993 அன்று ஓட்டத்தை மீண்டும் நடத்த அனுமதி கோருதல் – தொடர்பாக.

பார்வை: குடிநீர்த் தொட்டிச் சுவரில் ஒட்டப்பட்ட தங்கள் அறிவிப்பு, நாள் 4.10.1993.

மதிப்பிற்குரிய ஐயா,

தண்ணீர் வரவில்லை என்று இவ்வூரிலிருந்து தங்களுக்கு வந்த மனுக்களில் பாதியாவது என் பயிலகத்தில் தட்டச்சு செய்யப்பட்டவை. தண்ணீர் வந்துவிட்டது என்று புகார் சொல்லும் மனுவை இப்போதுதான் முதன்முதலாக அடிக்கிறேன். சிரிப்பை அடக்கிக்கொண்டு அடிப்பதால் எங்காவது பிழை இருந்தால் பொறுத்தருள வேண்டும்.

1. ஏரி வற்றிக் கிடக்கும் மாதங்களில் எங்கள் ஞாயிறு மோட்டார் மன்றம் அதன் புல்தரையில் கார் ஓட்டும் போட்டி நடத்தி வருகிறது. இது வேகப் பந்தயம் அல்ல. வரிசையாக வைத்த அடையாளங்களுக்கு இடையே வளைந்து நெளிந்து போய், அதே வழியில் பின்னோக்கி வந்து, கடைசி அடையாளத்தை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, கோட்டுக்குள் வண்டியை நிறுத்த வேண்டும். எதையும் இடிக்காமல் சீக்கிரம் முடிப்பவருக்கே வெற்றி. இரண்டாவது கியருக்கு மேல் போகும் வாய்ப்பு இங்கே எவருக்கும் கிடைத்ததில்லை. பக்கத்தில் படுத்திருக்கும் மாடுகள்கூட எழுந்திருப்பதில்லை என்பதை, ஆபத்து இல்லை என்பதற்குச் சான்றாகத் தெரிவித்துக்கொள்கிறேன்.

2. அடையாளங்களாக நாங்கள் வைப்பவை பிளாஸ்டிக் குடங்கள். ஏரிக்கரைத் தெருப் பெண்கள் இரவல் தருகிறார்கள். காற்றில் உருளாமலிருக்க ஒவ்வொன்றிலும் ஓர் அரைச் செங்கல் போடுவோம். குடம் தந்தவரே அந்தக் குடத்துக்கு நடுவர். தம் குடத்துக்கு நேராகச் சற்றுத் தள்ளி உட்கார்ந்து, கார் இடித்ததா இல்லையா என்று அவர் சொல்வதே தீர்ப்பு, மேல்முறையீடு கிடையாது. சென்ற ஆண்டு ரயில்வே பொறியாளர் திரு. சத்தியநாதன், தமது மாருதி குடத்தைத் தொடவே இல்லை என்று வெகுநேரம் வாதாடினார். நடுவரான திருமதி எல்லம்மா, "கொடம் என்னுது சார். அது ஆடுச்சுன்னா எனக்குத் தெரியாதா?" என்று கேட்டார். பொறியாளர் அபராதத்தை ஏற்றுக்கொண்டார். அப்படியும் அவரே வென்றார். ஆண்டுதோறும் அவரே வெல்கிறார் என்பது தங்கள் அதிகாரத்துக்கு உட்பட்ட குறை அல்ல என்பதால் அதைப் பற்றி இங்கே மேலும் எழுதவில்லை.

3. என் வண்டி என் தந்தையார் விட்டுச்சென்ற ஸ்டாண்டர்டு ஹெரால்டு. வண்டலூர்ப் பக்கம் தயாரான பழைய வண்டி. மேட்டைக் கண்டால் அதற்கு மூச்சு வாங்கும். ஹாரன் தனக்குத் தோன்றும்போது அடிக்கும். ஆனால் ஸ்டீயரிங்கைத் திருப்பினால் அதன் முன்சக்கரங்கள் ஒடிந்து வளைகிற மாதிரி வேறெந்தக் காருக்கும் ஒடியாது. சிறிய முற்றத்துக்குள்கூட அதைத் திருப்பிவிடலாம். பக்கத்து இருக்கையில் அமர்ந்து எனக்கு வழி சொல்பவர் தையற்கடை ஹஃபீசா. பின்னோக்கி வரும்போது கழுத்தை வெளியே நீட்டி, "ஒடிக்கா! இன்னும் ஒடி! போதும், போதும்!" என்று அவர் போடும் கூச்சல் இல்லாவிட்டால் ஒரு குடமும் என்னிடம் தப்பாது. கோடை முழுவதும் விடியற்காலையில் இருவரும் ஏரியில் இறங்கிப் பழகினோம்.

4. கடந்த ஞாயிறு, முதல் ஆராதனை முடித்துவிட்டு நேரே ஏரிக்குப் போனேன். திரு. சத்தியநாதன் முதலில் ஓட்டி, வழக்கம்போல் பிசகில்லாமல் முடித்தார். அடுத்து நான். அன்றைக்கு ஹெரால்டுக்கு என்ன வந்ததோ, சொன்னதையெல்லாம் கேட்டது. ஈரப் புல்லில் பின்சக்கரம் லேசாக வழுக்கி, பிறகு பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு குடத்தையும் ஒரு சாண் விட்டுத் தாண்டியது. மாருதியைவிட நாங்கள் முந்தியிருக்கிறோம் என்று கடிகாரம் வைத்திருந்தவர் கத்தியது காதில் விழுந்தது. அரசு அலுவலகத்துக்கு எழுதும் மனுவில் இதைச் சொல்லலாமா என்று தெரியவில்லை. நான் என் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை ஐயா. மீதமிருந்தது எல்லம்மாவின் சிவப்புக் குடம் ஒன்றுதான்.

5. இதற்கிடையில், தங்கள் ஊழியர் ஒருவர் ஏரிக்கரை மேல் சைக்கிளில் போயிருக்கிறார். கீழே வரிசையாகக் காலிக்குடங்களும், அவற்றுக்கு எதிரே பெண்கள் உட்கார்ந்திருப்பதும் அவர் கண்ணில் பட்டிருக்கின்றன. காலிக்குடப் போராட்டம் என்று தகவல் போய்விட்டது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. நம் ஊரில் காலிக்குடத்தோடு பெண்கள் சேர்ந்து உட்கார்ந்தால் அதற்கு வேறு பொருள் ஏது? எத்தனையோ மனுவுக்கு அசையாத லாரி, யாரும் கேட்காத அந்த நேரத்தில், போலீஸ் ஜீப் முன்னே வர, தளும்பத் தளும்ப வந்து சேர்ந்தது. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது என்பார்கள். எங்களுக்கு ஏரிக்குள்ளேயே வந்தது.

6. நான் பின்னோக்கி வந்துகொண்டிருந்தேன். "அக்கா, நிறுத்து! கொடத்தக் காணோம்!" என்று ஹஃபீசா அலறினார். திரும்பிப் பார்த்தால், எல்லம்மா செங்கல்லைக் கவிழ்த்துப் போட்டுவிட்டுச் சிவப்புக் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு லாரியை நோக்கி ஓடிக்கொண்டிருக்கிறார். நடுவர்கள் அத்தனை பேரும் அவருக்குப் பின்னால். மைதானத்தில் மிஞ்சியவை அரைச் செங்கற்கள் மட்டுமே. ஜீப்பிலிருந்து இறங்கிய உதவி ஆய்வாளர், "இதுக்கு யாரும்மா தலைவி?" என்று கேட்க, எல்லம்மா ஓட்டத்தை நிறுத்தாமலே, "அதோ ரிவர்ஸ்ல வந்துகினு கீதே, அந்த வண்டிதான் சார்" என்று கைகாட்டிவிட்டார்.

7. அதற்குமேல் என்ன செய்வது? எஞ்சினை நிறுத்திவிட்டு, டிக்கியில் கிடந்த என் குடத்தை எடுத்துக்கொண்டு ஹஃபீசாவோடு நானும் வரிசையில் நின்றேன். திரு. சத்தியநாதன் கார் கழுவும் வாளியோடு எனக்குப் பின்னால் நின்றார். நிறைந்த குடங்களைப் போட்டிக்கு வந்த கார்களிலேயே ஏற்றித் தெருத்தெருவாகக் கொண்டுபோய் இறக்கினோம். தண்ணீர் சிந்தாமல் ஓட்டுவதற்கு எங்கள் உறுப்பினர்களை மிஞ்ச ஆள் இல்லை. அன்று எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் தலைக்குக் குளித்தார்கள்.

8. மறுநாள் காலை தங்கள் அறிவிப்பு ஒட்டப்பட்டது. போராட்டத்தில் ஈடுபட்டதால் இனி எந்த வாகனமும் ஏரிக்குள் இறங்கக் கூடாது என்று அதில் கண்டிருக்கிறது. என் ஹெரால்டு குளிர்காலத்தில் கிளம்ப மறுப்பதுண்டு. மற்றபடி அது எந்தப் போராட்டத்திலும் கலந்துகொண்டதில்லை என்று உறுதி கூறுகிறேன்.

9. மன்றத்தின் விதிப்படி பாதி ஓட்டம் செல்லாது. ஏரியில் நீர் ஏறுவதற்குள் மறு ஓட்டம் நடக்காவிட்டால் சென்ற ஆண்டு வென்றவரிடமே கோப்பை தங்கிவிடும். பள்ளிக்கரணைப் பக்கம் தினமும் மாலையில் மேகம் திரள்கிறது. எனவே மேற்படி அறிவிப்பை நீக்கி, வரும் ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு அந்த ஒரே ஓட்டத்துக்கு அனுமதி அளிக்க வேண்டுகிறேன். அன்று லாரி அனுப்புவதானால் ஓட்டம் முடிந்த பிறகு அனுப்பினால் போதும். இவ்விடத்தில் எல்லம்மா என் தட்டச்சு இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "லாரி வோணாம்னு மட்டும் எழுதிடாதம்மா" என்கிறார். வேண்டாம் என்று எழுதவில்லை. வாரந்தோறும் வேண்டும் என்றே எழுதுகிறேன்.

10. ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். திரு. சத்தியநாதன் நேற்றுக் கோப்பையோடு பயிலகத்துக்கே வந்து, "மேடம், லாரி வரலைன்னா நீங்கதான் ஜெயிச்சிருப்பீங்க. வாங்கிக்குங்க" என்றார். பெருந்தன்மையான மனிதர். நான் வாங்கவில்லை. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லையே என்று தெருவே எனக்காக வருத்தப்படுகிறது. அவர்கள் எல்லோரும் நான் வென்றிருப்பேன் என்றே நம்புகிறார்கள். ஆனால் அந்தக் கடைசிக் குடத்தைச் சரியாகச் சுற்றியிருப்பேனா, இடித்துத் தள்ளியிருப்பேனா என்பது எனக்குத் தெரியாது. ஞாயிறன்று எல்லம்மா கையைத் தூக்கி, இடித்துவிட்டாய் என்று சொன்னாலும் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போவேன். எனக்குத் தெரிந்தாக வேண்டும் ஐயா, அவ்வளவுதான்.

இடம்: கொன்றைமேடு
நாள்: 6.10.1993

இங்ஙனம்,
பாதி ஓட்டத்தில் நிற்கும்,
(ஒப்பம்) தா. செல்வமேரி