தலைக்கு ஏறாத ஆறு சொட்டு

காமாட்சி துணை

காஞ்சிபுரம்
வியாழக்கிழமை காலை

அன்பு மகள் கீர்த்திக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் அந்த ஊரில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் சுகம் என்று அடுத்த வரி எழுதித்தான் பழக்கம், இன்றைக்கு அதை எழுதக் கை வரவில்லை. அப்பாவுக்கு லேசான காய்ச்சல் என்று ஞாயிற்றுக்கிழமை போனில் சொன்னேனே, அது பொய். அப்பா ஆறு நாளாக ஆஸ்பத்திரியில் இருக்கிறார். மூக்கில் ரத்தம் வந்தது, துண்டு முழுக்க நனைந்தும் நிற்கவில்லை, ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடினோம். போனில் ஏன் சொல்லவில்லை என்று கோபப்படாதே. நீ கொடுத்துவிட்டுப் போன எண்ணெய்க் குப்பியை உன் பெரியப்பா மகன் குமாரவேல் பார்த்துவிட்டான். அதன் மேல் இருக்கிற இலைப் படத்தைக் காட்டி, "இது கஞ்சா எல சித்தி, போன்ல பேரக்கூட எடுக்காத, எல்லாம் பதிவாவுது, கீர்த்தி அடுத்த தபா வரும்போது ஏர்போர்ட்லயே புடிச்சுக்குவாங்க" என்று சொல்லிவிட்டான். அதனால்தான் கடிதம். யேசுதாஸ் அண்ணன் மகள் பிரவீனா இன்று ராத்திரி உங்கள் ஊருக்கு விமானம் ஏறுகிறாள், மத்தியானம் ஆஸ்பத்திரிக்கே வந்து இதை வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாள்.

உன்மேல் குற்றம் சொல்ல எழுதவில்லை கண்ணு. அப்பா தோள் வலியில் தூங்காமல் புரள்வதைப் பார்த்துத்தான் கொடுத்தாய். அதே செடிதான், ஆனால் போதை தருவதை எடுத்துவிட்டார்கள், எங்கள் ஊரில் கடையில் வைத்து விற்கிறார்கள் என்றாய். இதயத்தில் வால்வு வைத்தவர், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர், டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கொடு என்றும் சொன்னாய். நான்தான் கேட்கவில்லை. அந்தச் செடியின் பெயரை ஒரு டாக்டர் முன்னால் எப்படிச் சொல்வேன்? நம் பக்கத்துத் தெருவில் இரண்டு பையன்களைப் போலீஸ் வந்து கூட்டிக்கொண்டு போனதை இந்தக் கண்ணால் பார்த்தவள் நான். போதை இல்லை என்று நீ சொன்னதையும் முழுசாக நம்பாமல் நானே சோதனை வைத்தேன். தினமும் நாக்கடியில் ஆறு சொட்டு விட்டு, அரை மணி கழித்துத் தறியில் உட்காரவைத்து, பாவு நூலில் அறுந்த இழையை எடுத்து முடிச்சுப் போடச் சொல்வேன். புகைத்தவன் விரலுக்கு அந்த வேலை வராது என்பது என் கணக்கு. அப்பா ஒரு நாள்கூடத் தப்பவில்லை. கண் சிவக்கவில்லை, உளறவில்லை, வழக்கம்போல உப்பு போதவில்லை என்று சண்டைதான் போட்டார். நன்றாகத் தூங்கினார். நானும் நிம்மதியாக இருந்துவிட்டேன்.

தொடையிலும் முழங்கையிலும் நீலம் நீலமாகக் கன்றியிருந்தது. குழியில் இறங்கித் தறியில் உட்காருகிறவர், மரம் இடிக்காத நாள் உண்டா, நான் முப்பது வருஷமாகப் பார்க்கிற காயம்தானே என்று தேங்காய் எண்ணெய் தடவிவிட்டேன். பல் துலக்கும்போது ரத்தம் வந்தது, புது பிரஷ் வாங்கிக் கொடுத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

இங்கே சேர்த்ததும் அந்த மாத்திரையை நிறுத்தி, ஊசி போட்டு ரத்தத்தை நிறுத்தினார்கள். வால்வு இருப்பதால் ரொம்ப நாள் நிறுத்தக் கூடாதாம், அடைத்துக்கொள்ளுமாம். பாதி மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள், ரத்தம் உறைய எடுக்கும் நேரம் சோதனையில் மறுபடி ஏறிவிட்டது. நேற்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "குடுத்தாலும் ஆபத்து, குடுக்கலன்னாலும் ஆபத்தா இருக்குதும்மா, எனக்கே புரியல, நாட்டு மருந்து, லேகியம், புதுசா ஏதாச்சும் குடுத்தீங்களா" என்று கேட்டார். இல்லை என்றேன். அந்தக் குப்பி அப்போது என் இடுப்பில் செருகியிருந்தது. அதைவிடப் பாவம் ஒன்று சொல்கிறேன், தோள் வலிக்கிறது என்று அப்பா கெஞ்சியதால் இங்கேயும் மூன்று நாளாக யாருக்கும் தெரியாமல் கொடுத்துக்கொண்டுதான் இருந்தேன்.

இன்று காலை மனசு கேட்காமல் எதிரே இருக்கும் மருந்துக் கடைக்குப் போனேன். நம் தெரு சுகாசினி அங்கேதான் வேலை பார்க்கிறாள், அதற்கென்றே படித்தவள். யாரோ தெரிந்தவர்களுக்கு என்று சொல்லிக் கேட்டேன். அவளுக்குப் புரிந்துவிட்டது, காட்டிக்கொள்ளவில்லை. "பொகைக்கறவன் தலைக்கு ஏறுறது வேற சரக்கு பெரியம்மா, இந்த எண்ணெய்ல இருக்கறது வேற, தலைக்கு ஏறாது. ஆனா தலைக்கு ஏறலன்னா ஒடம்புல ஒண்ணும் செய்யாதுன்னு இல்ல. ரத்தம் உறையாம இருக்கற மாத்திரைய கரைக்கறது ஈரல்தான், இந்த எண்ணெய் அந்த வேலைய தடுத்துடும். மாத்திர கரையாம ரத்தத்துலயே தங்கிப்போவும்" என்றாள். நாற்பது நாளாக நான் அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன், பார்க்க வேண்டியது அந்தக் கன்றிப்போன தொடையை.

பதினொரு மணிக்கு டாக்டர் வருவார். குப்பியை அவர் கையில் கொடுக்கப் போகிறேன். போலீஸ் வந்தாலும் வரட்டும், ஏது என்று கேட்டால் யாரோ விற்றான், நான் வாங்கினேன் என்பேன். உன் பெயர் என் வாயிலிருந்து வராது. உன்னை யாராவது கேட்டால் நீயும் அதையே சொல், உண்மை பேசுகிறேன் என்று கிளம்பிவிடாதே, உனக்கு அப்பா புத்தி. ஊருக்கு ஓடிவரவும் வேண்டாம், நான் சொல்லும்போது வா. சாயங்காலம் விளக்கேற்றும்போது அவரை நினைத்துக்கொள். தீர்க்க சுமங்கலியாக இரு என்று உன்னை வாழ்த்தும்போது என் கை தானாகத் தாலிக்குப் போகிறது. அப்பா இப்போதுதான் கண் விழித்தார். உனக்கு எழுதுகிறேன் என்றேன், சிரித்தார். "எம்பொண்ணு குடுத்தது இருக்குதுல்ல, ரெண்டு சொட்டு விடு" என்று நாக்கை மடித்து வாயைத் திறந்துகொண்டு படுத்திருக்கிறார், நான் குப்பியை இடுப்பில் இன்னும் இறுக்கிச் செருகிக்கொண்டேன்.

இப்படிக்கு உன் அம்மா,
மங்கையர்க்கரசி