பதிலுக்கு முன்னால் கொளுத்திய வெடி

மாப்ளே,

இன்று காலை முக்கூட்டு ரோட்டில் வெடிமருந்து நாறியது. கல்யாணமில்லை, திருவிழாவில்லை. நம் எம்.எல்.ஏ. சட்டசபையில் கேள்வி கேட்கப்போகிறார். அதற்காகக் கட்சியின் கிளைச் செயலாளர் ஒரு துண்டுச் சரத்தைக் கொளுத்திப் பார்த்துவிட்டு, பெரிய சரவெடியைத் தார் ரோட்டில் விரித்துக்கொண்டிருந்தார்.

நம் ஊர் வழக்கம் உனக்குத் தெரியும். சபையில் ஊர்ப்பேர் காதில் விழுந்தால் போதும், திரியில் நெருப்பு. அமைச்சர் சொல்லும் பதிலை அந்தச் சத்தத்தில் உன்னைத் தவிர ஒருவனும் கேட்டதில்லை. மறுநாள் பேனர் மட்டும் நிற்கும்.

இந்தக் கேள்வி முதல்முறை போனது உன்னால். அரியலூர்ப் பக்கத்து சிமெண்ட் ஆலைகளில் சூளைக்கு மேலே தூள் இறங்கும் குழாயில் அடைப்பெடுப்பது நம்மைப் போன்ற காண்டிராக்ட் ஆட்கள்தான். அடைப்பு உடைந்தால் கொதிக்கிற தூள் தலையில் கொட்டும். கொட்டினால் திருச்சி ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். எம்.எல்.ஏ. ஆபீசில் நீ நின்றபடியே சொன்னாய்: "சார், ரோடு கேக்கல, லைட்டு கேக்கல. பக்கத்துலயே தீப்புண்ணுக்கு ஒரு வார்டு. காண்டிராக்ட் ஆளுக்கும் சேத்து. அத மட்டும் கேளுங்க." அவர் கேட்டார். அதை நான் மறுக்கவில்லை.

டீக்கடை டி.வி.யில் ஊர்ப்பேர் வந்ததும் சரம் வெடித்தது. நான் விசிலடித்தேன். நீ மட்டும் டி.வி.யில் காதை வைத்து நின்றாய். பிறகு வெளியே பாய்ந்து, எரிகிற சரத்தைக் காலால் எத்தினாய். "நிறுத்துங்கடா! இருக்கற வசதியே போதும்னுட்டாருடா அமைச்சரு! எந்த எழவுக்குடா வெடிக்கிறீங்க?"

"நல்ல காரியத்துல எவன்டா அது?" என்றபடி செயலாளரின் ஆட்கள் உன்னை வளைத்தார்கள். கொடி கட்டிய சவுக்குக் கழியால் முதுகில் அடி. அடுத்தது முகத்தில். புருவம் பிளந்தது. ரத்தத்தில் வெடிக் காகிதம் சிவப்புச் சிவப்பாய் ஒட்டிக்கொண்டது. ஒருத்தன் மணிக்கட்டைக் கடித்துத்தான் உன்னை வெளியே இழுத்தேன். நீ ரத்தம் துப்பிவிட்டுச் சிரித்தாய்.

"கேள்விக்கு வெடி, பதிலுக்கு அடி. நல்லாத்தான்டா நடத்துறானுவ."

அந்த வருஷ மழைக்காலத்திலேயே அடைப்பு உன்மேல் உடைந்தது. சட்டையைக் கழற்றினேன், தோலும் கூட வந்தது. ஆம்புலன்சில் நீ அலறவில்லை. அதுதான் என்னைக் கொன்றது. புள்ளம்பாடி தாண்டும்போது, "இன்னும் எவ்ளோ தூரம்டா?" என்றாய். "வந்துட்டோம்" என்றேன். லால்குடிக்கு முன்னாலேயே போய்விட்டாய். வார்டு இருந்திருந்தால் பிழைத்திருப்பாய் என்று சொல்ல எனக்கு வைத்தியம் தெரியாது. ஆனால் ரோட்டில் செத்திருக்க மாட்டாய்.

இன்று மறுபடி அதே கேள்வி. செயலாளர் தீப்பெட்டியைத் திறந்தார். பிடுங்கிக்கொண்டேன்.

"டேய், குடுறா. பேரு சொல்லப்போறாங்க."

"பதில் வரட்டும்ண்ணே. அப்பறம் கொளுத்துங்க."

"செத்தவனுக்கு வக்கீலாடா நீ?" என்று என் சட்டையைப் பிடித்தார். வாயிலேயே குத்தினேன். அவர் பல் என் விரல்முட்டியைக் கிழித்தது. பின்னாலிருந்து ஒருத்தன் விலாவில் உதைத்தான், விழுந்தேன், இன்னொருத்தன் மிதித்தான். தீப்பெட்டியை மட்டும் விடவில்லை. அவர்கள் வேறு நெருப்புத் தேடுவதற்குள் டி.வி.யில் ஊர்ப்பேர் வந்துவிட்டது, வெடி வெடிக்கவில்லை. வெடிக்காததால் ஊர் முதல்முறையாக டி.வி.யைக் கேட்டது.

"ஆவன செய்யப்படும்" என்றார் அமைச்சர். அவ்வளவுதான். அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள்.

என்னை மிதித்த கால் அப்படியே நின்றது. டீக்கடை அக்கா கரண்டியோடு வெளியே வந்தது.

"செய்யறாங்களாமா? எப்பங்க?"

செயலாளர் உதட்டு ரத்தத்தைத் துண்டில் ஒற்றினார். "அதான் சொல்லிட்டாங்கல்ல. செய்வாங்க."

"எப்பன்னு கேட்டேன். அந்தப் புள்ள ரோட்டுல செத்தானே, அப்பவும் செய்வாங்கன்னுதான சொன்னீங்க?"

கூட்டத்திலிருந்து இன்னும் சிலர் நெருங்கினார்கள். செயலாளர் சரத்தைச் சுருட்டச் சொன்னார்.

மாப்ளே, மூச்சு விட்டால் விலா குத்துகிறது. நசுங்கிய தீப்பெட்டி என் சட்டைப்பையில் இருக்கிறது. வார்டில் முதல் கட்டில் போடும் நாளில் நானே சரத்தைக் கொளுத்துகிறேன். அதுவரை எவன் கேட்டாலும் தரமாட்டேன்.